மின்னஞ்சலில் வந்த மகள்

தண்ணீர்மலையான் துணை

ஜோர்ஜ் டவுன், பினாங்கு
29-4-1996

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

ஒரு செய்தி இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி. நான், உன் அப்பா, தொலைக்காட்சியில் வரப் போகிறேன்.

போன மாதம் சங்கத்து வாசிகசாலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவும் விளக்குமாக நாலு பேர் வந்தார்கள். கம்ப்யூட்டர், இன்டர்நெட் பற்றித் தமிழில் அரை மணி நேர நிகழ்ச்சி செய்கிறார்களாம். பெயர் ‘உலகம் உங்கள் மேசையில்’. (அம்மா கேட்டாள்: “முதல்ல மேசையைத் துடைக்கத் தெரியுமோ உங்களுக்கு?”) தங்கராஜு என்ற இளைஞர், பாயான் லெப்பாஸில் இன்ஜினியர், எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். லண்டனுக்கு எழுதும் கடிதம் டெலிபோன் கம்பி வழியாக ஒரு நிமிடத்தில் போய்விடும் என்றார். தொலைபேசி இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். கம்பியைப் பற்றி என்னிடமா? எழுந்து நின்று, “வழியில் மழை பெய்து கம்பி அறுந்தால் கடிதத்தின் மீதிப் பாதி எங்கே கிடக்கும்?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். தயாரிப்பாளர் ரொஸ்னா என்பவர் மலாய்க்காரப் பெண், தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, “இவர் வேண்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, வாராவாரம் நான் கேள்வி கேட்பேன், தங்கராஜு பதில் சொல்வார். ஒன்றும் தெரியாத ஆள் தேவைப்பட்டு என்னைப் பிடித்திருக்கிறார்கள் என்கிறாள் அம்மா. கேள்வி கேட்கத்தான் அறிவு அதிகம் வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

முதல் பதிவு சென்ற புதன்கிழமை நடந்தது. ஒரு சிறு பிசகு. “மௌஸை எடுத்து, திரையில் இருக்கிற படத்தை அழுத்துங்கள்” என்றார் தங்கராஜு. நான் எடுத்தேன், திரையில் வைத்து அழுத்தினேன். அவர் சொன்னபடிதான் செய்தேன். பிறகு ஒரு சின்னப் பெட்டி கீச்சென்று கத்தி, இரைந்து, இருமத் தொடங்கியது. “லைனில் ஃபால்ட், உடனே ரிப்போர்ட் பண்ணுங்கள்” என்றேன். இன்டர்நெட் வரும் சத்தமே அதுதானாம். எங்கள் காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் ஏணியோடு ஆள் அனுப்புவோம்.

நீ கம்ப்யூட்டர் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை. ‘சர்வர்’ என்றால் என்ன? எனக்கு விளங்கும்படி எழுது. தங்கராஜு மூன்று தடவை சொல்லிவிட்டார். நான்காவது தடவை கேட்க வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் எடுத்துத் தந்திருக்கிறார்கள். தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வட்டத்துக்குள் இருக்கும் அந்த ஏ எழுத்தைக் கவனமாகப் போடு. எனக்கு அதை வரைந்து பழகவே ஒரு வாரம் பிடித்தது.

அவசரம் என்றாலும் டெலிபோன் செய்யாதே. டெலிபோன் சாவுச் செய்திக்கு மட்டும்.

அன்புள்ள அப்பா
வி. ஏரம்பமூர்த்தி


லெஸ்டர்
7 மே 1996

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். கம்ப்யூட்டர் திரையில் மௌஸை வைத்து அழுத்திய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை அப்பா. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ‘ஒரு தோசை’ என்கிறீர்கள். கடைப் பையன் உள்ளே போய் எடுத்து வருகிறான். அடுப்பு எங்கே, மாவு எங்கே என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவன்தான் சர்வர். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் தோசை கேட்டால் அவன் மயங்கி விழுந்துவிடுவான். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான்.

என் படிப்பு நடந்துகொண்டிருக்கிறது. இங்கே இப்போதுதான் கொஞ்சம் வெயில். படிப்பைப் பற்றி டிவியில் ஒன்றும் பேசிவிடாதீர்கள். கண் படும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா? வேறு யாரும் திறந்து பார்க்க முடியாதா?

அம்மா, நீங்கள் அனுப்பிய மோர் மிளகாய் முடிந்துவிட்டது. தனியாக நான் முடிக்கவில்லை. பக்கத்து அறை ஸ்காட்லாந்துப் பெண் அதைச் சிப்ஸ் என்று நினைத்துவிட்டாள். இப்போது குணமாகிவிட்டாள்.

அன்புடன்,
அருந்ததி


தண்ணீர்மலையான் துணை

ஜோர்ஜ் டவுன்
20-5-1996

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

உன் தோசை விளக்கம் பிரமாதம். சென்ற புதன்கிழமைப் பதிவில், தங்கராஜு வாயைத் திறக்கும் முன்பே நான் அதைச் சொல்லிவிட்டேன். அவர் அசந்துபோனார். “அங்கிள், இது எனக்கே தோணலியே!” என்றார். கேமராக்காரர் அப்துல் ரசாக் சிரித்ததில் படம் ஆடிவிட்டது. இரண்டாவது தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

நிகழ்ச்சி இரண்டு சனிக்கிழமை ஒளிபரப்பாகிவிட்டது. இப்போது என்னால் பசாருக்குப் போய் வர முடியவில்லை. மீன்காரன் “டிவி அங்கிள், மௌஸ் எப்படி இருக்கு?” என்று கேட்கிறான். என் அக்கா செல்வநாயகி, உன் மாமி, பட்டர்வொர்த்தில் தன் வீதியில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தாளாம். நீ பேச வேண்டாம் என்று எழுதிய கடிதம் கொஞ்சம் பிந்திவிட்டது. முதல் நிகழ்ச்சியிலேயே சொல்லிவிட்டேன், “என் மகள் இங்கிலாந்தில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள்” என்று. சொல்லும்போது என் முகம் நன்றாக இருந்ததாக அம்மாவே ஒப்புக்கொண்டாள்.

மின்னஞ்சல் முகவரி என்னுடையதுதான். பெட்டிக்குப் பூட்டு மாதிரி ஒரு ரகசியச் சொல் உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குப் புதன்கிழமை போவேன், அப்போது திறந்து பார்ப்பேன். ஆகவே தாராளமாக, மனம்விட்டு எழுது. இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. பெட்டி காலியாக இருப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

அன்புள்ள அப்பா
வி. ஏரம்பமூர்த்தி


தண்ணீர்மலையான் துணை

ஜோர்ஜ் டவுன்
3-6-1996

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வரும் 12ஆம் தேதி, புதன்கிழமை, பதிவு. அன்று என் மின்னஞ்சல் பெட்டியைக் கேமராவுக்கு முன்னால் திறக்கப் போகிறோம். தொலைக்காட்சியில் தமிழர் ஒருவர் தம் பெட்டியைத் திறந்து, இங்கிலாந்திலிருந்து மகள் எழுதிய கடிதத்தைப் படிப்பது நன்றாக இருக்கும் என்று ரொஸ்னா ஆசைப்படுகிறார். எனக்கும் ஆசைதான். ஆகவே, நாலு பேர் கேட்கும்படி, உன் படிப்பைப் பற்றி, சுருக்கமாக, தமிழில் எழுது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாமாம்.

வேறு விஷயம் எதுவும் அதில் வேண்டாம். பெட்டியில் என்ன இருந்தாலும் அப்படியே படித்துவிடுவேன். ஒத்திகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்புள்ள அப்பா
வி. ஏரம்பமூர்த்தி


லெஸ்டர்
13 ஜூன் 1996, வியாழன்

அன்புள்ள அப்பா,

நீங்கள் 3ஆம் தேதி எழுதிய கடிதம் இன்று காலைதான் வந்தது. உறையின் பின்பக்கம் அம்மாவின் கையெழுத்தில் ‘மாமி வீட்டுக்குப் போனேன், கைப்பையிலேயே கிடந்துவிட்டது, மன்னிக்கவும்’ என்று இருக்கிறது. தபால் முத்திரை 7ஆம் தேதி.

அப்பா, நான் திங்கட்கிழமையே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மனம்விட்டு எழுது என்றீர்கள். இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். உங்களைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

இன்று காலை ஏழு மணிக்கு நடைக்கூடத்து டெலிபோன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. யாரோ இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு வைத்துவிட்டார்கள். அந்தச் செருமலை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதனால், படித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவேளை படிக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் இங்கேயே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படிப்பை விட்டுவிட்டேன். போன செப்டம்பரிலிருந்து இங்கேயே வேறொரு கல்லூரியில் செருப்புத் தைக்கப் படிக்கிறேன். செருப்பு, சப்பாத்து, பூட்ஸ் எல்லாம். விசா அதற்கும் தந்துவிட்டார்கள்.

முதல் வருடம் சனிக்கிழமைகளில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலை செய்தேன், உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு தபால்காரர் வருவார். ஒரு கால் கொஞ்சம் குட்டை. தாங்கித் தாங்கி நடப்பார். கடைக்காரர் அவர் பூட்ஸின் அடியில் ஒரு தட்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவர் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு தடவை நடந்தார். நேராக நடந்தார். கடைக்காரர் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது. கம்ப்யூட்டர் வகுப்பில் நான் எழுதிய எதுவும் யாரையும் அப்படி நடக்க வைத்ததில்லை. அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம்தான் வரும்.

எட்டு மாதம் உங்களிடம் மறைத்தது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அருந்ததி


ஜோர்ஜ் டவுன்
14-6-1996

அருந்ததிக்கு,

நடந்ததை உனக்குத் தெரிவிப்பது என் கடமை.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பதிவு. நான் புதுச் சட்டை. அம்மாவும் வந்திருந்தாள், ஓரமாக நாற்காலி போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தோம். ஒரு கடிதம் இருந்தது. உன் பெயர். தங்கராஜு, “படிங்க அங்கிள், டென்ஷன் ஆகாதீங்கலா” என்றார்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை நான் முன்பின் படித்ததில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். “அப்பா, நான் பாடிப் பாய் விட்டு விட்டேன்” என்று வந்தது. உடனே கேமராவைப் பார்த்து, “என் மகள் அங்கே கட்டில் இல்லாமல் பாய் விரித்துத்தான் படுக்கிறாள் போலிருக்கிறது, எளிமையான பிள்ளை” என்று சொன்னேன். அடுத்த வரி, “சேருப்பு, தாய்க்கா படிக்கிறேன்.” சேருப்பு என்னவென்று தெரியவில்லை, ஊர்ப் பெயர் என்று விட்டுவிட்டேன். ஆனால் மற்றது விளங்கியது. ‘தாய்க்காகப் படிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “தவமணி, கேட்டியா? உனக்காகத்தான் படிக்கிறாளாம்!” என்றேன். அம்மாவும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ரொஸ்னா இரண்டு கையையும் தட்டி “பாகுஸ்! பாகுஸ்!” என்கிறார்.

தங்கராஜு என் காதருகில் குனிந்து, “அங்கிள், அது பாய் இல்ல. படிப்பை. படிப்பை விட்டுவிட்டேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அது தாய்க்காக இல்ல அங்கிள். செருப்புத் தைக்க” என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தது ஒரு நிமிடம் நாற்பது விநாடி என்று அப்துல் ரசாக் பிறகு சொன்னார். தமிழ் நிகழ்ச்சிகளில் அவர் பார்த்த மிக நல்ல காட்சி அதுதானாம். ரொஸ்னாவும் இதையே ஒளிபரப்ப வேண்டும் என்றார். நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். நீக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறொன்று வைத்துச் சமாளித்தாகிவிட்டது. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

மறுநாள் டெலிபோன் செய்தது நான்தான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நம் குடும்பத்தில் நாலு தலைமுறை பேனா பிடித்தவர்கள். உன் பூட்டனாரின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் கணக்கராக உட்கார்ந்தார். செருப்பை நாங்கள் வாசலைத் தாண்டிக் கொண்டுவந்ததில்லை. நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று நான் எழுதாமலே உனக்கு விளங்கும். அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் கூச்சமாக இருக்கிறது என்றும் தெரியவில்லை.

அம்மா ஒரு வரி எழுதச் சொல்கிறாள். “பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுதோ எண்டு கேளுங்கோ. மிச்சமெல்லாம் பிறகு.”

வி. ஏரம்பமூர்த்தி


லெஸ்டர்
12 ஜூலை 1996

அப்பா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நாலு தலைமுறை பேனா பிடித்தார்கள் என்றீர்கள். அந்த நாலு தலைமுறையும் வெறுங்காலோடா ஆபீசுக்குப் போனார்கள்? யாரோ தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டுதானே போனார்கள்? இதை மட்டும் எழுதி அனுப்பலாம் என்றிருந்தேன். கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்தேன்.

நேற்று செல்வநாயகி மாமியிடமிருந்து எனக்கு ஒரு வாழ்த்துக் கடிதம். போன மாதம் 29ஆம் தேதி டிவியில் என் மின்னஞ்சலை நீங்கள் படித்தீர்களாம். மாமி அதைப் பென்சிலால் குறித்துவைத்து, வரி பிசகாமல் எனக்கே திருப்பி எழுதியிருக்கிறார்:

‘மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், இவ்விடம் தட்பவெப்பநிலை திருப்திகரமாக உள்ளது. கம்ப்யூட்டர் தேர்வில் முதல் வகுப்பில் தேறியுள்ளேன். மரக்கறி உணவு மட்டுமே உட்கொள்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே செல்வதில்லை. தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள், அருந்ததி ஏரம்பமூர்த்தி.’

இதை யார் எழுதியது என்று நான் கேட்கப்போவதில்லை. உலகத்தில் மகளுக்குக் கடிதம் எழுதினாலும் முழுப் பெயரில் கையெழுத்துப் போடுகிற ஒருவர்தான் இருக்கிறார்.

முதலில் சிரித்தேன் அப்பா. உண்மையாகவே சிரித்தேன். வயிறு வலித்தது. பிறகு மாமியின் கடைசி வரியைப் படித்தேன். ‘உன்னைப் போல ஒரு பிள்ளையைப் பெற உன் அப்பன் என்ன தவம் செய்தானோ.’ அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை.

அந்த அருந்ததி நல்ல பிள்ளை. உங்களுக்கும் பிடித்திருக்கிறது, ஊருக்கும் பிடித்திருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்கு அவளையே வரச் சொல்லுங்கள். அவள் அங்கே இருக்கும்வரை நான் அந்த வீட்டுக்குள் எப்படி வருவது? யார் கேட்டாலும் முதல் வகுப்பு என்று தலையாட்ட வேண்டுமா?

நான் உங்களிடம் எட்டு மாதம் பொய் சொன்னேன். நீங்கள் என் பெயரில் ஊருக்கே சொல்லிவிட்டீர்கள். கணக்கு நேராகிவிட்டது என்று விடலாம். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். மரக்கறி மட்டும் அல்ல.

அருந்ததி


தண்ணீர்மலையான் துணை

ஜோர்ஜ் டவுன்
19-8-1996

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகியும் பதில் எழுதவில்லை. எழுத முகமில்லை.

அந்த மின்னஞ்சலை எழுதியது நான்தான். அந்தக் காட்சியை நீக்கியதில் அன்றைக்கு நாலு நிமிடம் நிரப்ப வேண்டியிருந்தது. அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, எல்லாரும் தேநீர் குடிக்கப் போனபோது கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மின்னஞ்சல் அது. இலாகாவில் முப்பத்திரண்டு வருடத்தில் இன்னொருவர் பெயரில் ஒரு சீட்டுக்கூட எழுதியதில்லை. ஒளிபரப்பானபோது அம்மா டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “‘திருப்திகரமாக’ எண்டு எங்கட பிள்ளை எப்ப எழுதினவள்?” என்று கேட்டாள். அதோடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உன் கடிதம் வந்த வாரம், லெபோ கேம்பல் பக்கத்துச் சந்தில் இருக்கிற ஒரு சீனச் சப்பாத்துக் கடைக்குப் போனேன். செருப்பு வாங்கப் போகவில்லை. என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். கடைக்காரர் மிஸ்டர் கூ, என் வயது. பார்த்தவுடன் “டிவி அங்கிள்!” என்றார். தமிழ் தெரியாது, ஆனாலும் பார்ப்பாராம். நான் மௌஸைத் திரையில் அமுக்கியதைக் கடையில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினார். கோப்பி ஓ வரவழைத்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மரத்தில் செய்த கால் அச்சின் மேல் தோலை இழுத்து, சின்னச் சின்ன ஆணியாக அடித்துக்கொண்டே போகிறார். கேள்விமேல் கேள்வி கேட்டேன். ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொள்ளவில்லை.

அவருக்கும் ஒரு மகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டரில் வேலையாம். “நாள் முழுக்க ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது ஒரு வேலையா? சாயங்காலம் கையில் என்ன இருக்கிறது காட்ட?” என்று என்னிடம் முறையிட்டார். பிறகு, என் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். “அனாக் சாயா புவாட் காசுட்” என்றேன். என் பிள்ளை சப்பாத்து செய்கிறாள் என்று. முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது மலாயில், ஒரு சீனரிடம். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் பிள்ளைகளை மாற்றிப் பெற்றுவிட்டோம் என்றார். தமிழில் அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை.

இம்மாதம் 7ஆம் தேதி கடைசிப் பதிவு. பார்வையாளர் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்களே கேள்வி கேட்கலாம் என்றார்கள். தாசேக் கெலுகோரிலிருந்து வடிவம்மாள் என்று ஓர் அம்மா வந்திருந்தார். எழுந்து, “பெட்டியில வர்ற கடுதாசி அவங்கதான் எழுதினாங்கன்னு எப்படித் தம்பி தெரியும்? கையெழுத்துகூட இல்லையே?” என்று கேட்டார். தங்கராஜு ரகசியச் சொல்லைப் பற்றி விளக்கினார். அந்த அம்மா விடவில்லை. “அது வேற யாருக்காச்சும் தெரிஞ்சுட்டா? பேரை மட்டும் போட்டு வேற ஆளு எழுதிட்டா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா மக எழுதின கடுதாசிய டிவியில கேட்டேங்க. கேட்டுட்டு எம் மகளைப் புடிச்சு ஏசிட்டேன். பாரு, அதுவும் பொண்ணு, ஆறு மணிக்கு மேல வெளிய போகுதா, நீயும் இருக்கியே ஷிப்டு ஷிப்டுன்னு. பாவம், அவ அழுதுட்டா.”

அருந்ததி, இந்த நிகழ்ச்சியில் என் வேலை கேள்வி கேட்பது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பதில் சொன்னேன்.

“அம்மா, வேறு ஆள் எழுதலாம். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். என் மகள் எழுதியது வேறு. அவள் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. என் மகள் செருப்புத் தைக்கப் படிக்கிறாள். ஆறு மணிக்கு மேல் வெளியே போவாளா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம், அந்த டிவிக்காரன் பொய் சொன்னான் என்று சொல்லுங்கள்.”

வடிவம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அதானே பார்த்தேன். எந்தப் புள்ளைங்க அப்பனுக்குத் ‘தட்பவெப்பநிலை’ன்னு எழுதும்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இதை நீக்க வேண்டாம் என்று ரொஸ்னாவிடம் நானே சொன்னேன். நேற்று முன்தினம் ஒளிபரப்பானது.

நேற்று மாமி பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வந்தாள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள், உள்ளே வரவில்லை. “இனி ஆரின்ர முகத்தில முழிக்கிறது?” என்றாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாமி அதைத் தொடவில்லை. நான் பிறந்த நாளிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவள் என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் போனாள். படகுத்துறைவரை கூடவே நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மகன் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வருமா என்று தெரியவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்மேல் பழி போட எழுதவில்லை.

நீ எழுதிய தபால்காரர் கதையை அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவள் கேட்காமலே படித்தேன்.

கடைசியாக ஒன்று. அடுத்த தொடருக்கு நீ டிசம்பரில் வந்து இறங்குவதை விமான நிலையத்தில் படம் எடுக்க வேண்டும் என்று ரொஸ்னா ஒற்றைக் காலில் நிற்கிறார். உன்னைக் கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ வருகிறாயா என்றே எனக்குத் தெரியாதே. வருகிறாயா?

அன்புள்ள
அப்பா


லெஸ்டர்
28 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அப்பா,

டிசம்பர் 14, சனிக்கிழமை, மாலை நாலரை மணி விமானம். கேமரா வேண்டாம். பிரயாணக் களைப்பில் என் முகம் நன்றாக இருக்காது. உங்கள் முகமும் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை ஊருக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

மிஸ்டர் கூவைப் பார்க்க வேண்டும். அவர் ஆணி அடிக்கிற வரிசையைப் பற்றி எனக்கு ஆறு சந்தேகம் இருக்கிறது. அவர் மகளையும் பார்க்க வேண்டும். பாவம், அவளிடம் யாராவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

வந்த மறுநாளே பட்டர்வொர்த்துக்குப் போகிறேன், மாமியைப் பார்க்க. வாசலிலேயே நிற்க வைக்கலாம், கதவையே திறக்காமலும் இருக்கலாம். பரவாயில்லை, நிற்கிறது எனக்குப் பழக்கம். நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை. தண்ணீர் தராவிட்டால் திரும்பி வரும் படகில் குடித்துக்கொள்வேன். தந்தால், என்ன செய்கிறேன் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் குடிப்பேன்.

நீங்கள் துணைக்கு வர வேண்டியதில்லை. வந்தே தீருவீர்கள் என்றால், தயவுசெய்து, போகிற வழியெல்லாம் கேள்வி கேட்காமல் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கீழ்ப்படிதல் இல்லாத மகள்
அருந்ததி